காதில் விழாத ஓட்டு

ஓட்டு அட்டை கொண்டுவந்த போலீஸ்காரனை விஸ்டின் புஹாஜார் வாசல்படியிலேயே நிறுத்திவைத்தார்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க, விஸ்டின்."

"வேண்டாம்."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். உனக்குக் காது நல்லாத்தானே இருக்கு? எடுத்துட்டுப் போ."

போலீஸ்காரன் அட்டையைப் பார்த்தான், மொட்டை மாடியில் பறந்துகொண்டிருந்த கட்சிக் கொடியைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். மால்டாவில் அந்த அட்டையை வாங்காமல் விடுவதும், சர்ச் வாசலில் நின்று கட்சியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் ஒன்றுதான். அட்டை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. யார் யார் வாங்கவில்லை என்பது பொழுது சாய்வதற்குள் கட்சி ஆபீசுக்குப் போய்விடும். வேறு எவன் வீட்டிலாவது இது நடந்திருந்தால் போலீஸ்காரன் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பான். புஹாஜார் வீட்டில் இப்படி நடக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த காலம் தொட்டு விஸ்டின் அந்தக் கட்சிதான். அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் விஸ்டின் எங்கே கை காட்டுகிறாரோ அங்கேதான்.

உள்ளேயிருந்து அவர் மனைவி செட்டா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்தாள். "என்னோடது எங்கே?" என்று கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தில் X மாதிரி சாய்வாக ஒரு சிலுவைக் குறி போட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறிதான் அவள் கையெழுத்து.

"இவரோடதை ஸ்டேஷன்லயே வச்சிரு," என்று போலீஸ்காரனிடம் சொன்னாள். "கோவம் ஆறினா வருவாரு."

"ஆறாது," என்றார் விஸ்டின்.

கோபத்துக்குக் காரணம் பக்கத்து வீடு. பக்கத்து வீடு இப்போது வீடே இல்லை, பள்ளம். எவனோ வாங்கி இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டக் கீழே பாறையைக் குடைந்துகொண்டிருந்தான். இயந்திரம் ஓடும்போது அலமாரியிலிருக்கிற தட்டெல்லாம் தானாக நடக்கும். அப்புறம் படுக்கையறைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், மயிரிழைபோல ஒரு விரிசல். பிறகு அது விரல் நுழையும் அளவுக்கு ஆனது. நடுவில் இருந்தது பொதுச்சுவர். இரண்டு வீட்டையும் தாங்கிக்கொண்டிருந்த சுண்ணாம்புக்கல் சுவருக்கு இப்போது ஒரு பக்கம் ஆதரவே இல்லை. விஸ்டின் இந்த ஆபீசுக்குப் போனார், அந்த ஆபீசுக்குப் போனார். "பார்க்கிறோம்" என்றார்கள். எல்லாரும் பார்த்தார்கள். சுவரும் பார்த்துக்கொண்டே பிளந்தது. கட்டடக்காரன் மட்டும் விஸ்டினின் கட்சி வேட்பாளர் ஷெர்ரியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே ஷெர்ரி வந்துவிட்டார். கூட்டிவந்தவன் ஸ்பிரு. தெருவில் யார் எந்தக் கட்சி, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கும் கட்சி ஆள். ஓட்டுப்போடும் நாளில் சாவடிக்குள் கட்சி சார்பில் உட்காருபவனும் அவன்தான்.

ஷெர்ரி வக்கீல். ஊரில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்ததும் நேரே படுக்கையறைக்குப் போய் விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். "மதோன்னா, மாதாவே!" என்றார். அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டு இரண்டு வார்த்தை சொன்னார். அடுத்த நிமிடம் பக்கத்தில் இயந்திரம் நின்றது. அந்த அமைதியில் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.

விஸ்டினுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு போனில் நிற்கிற இயந்திரமா இத்தனை நாள் ஓடியது?

"இது தேர்தல் வரைக்கும் நிக்கும்," என்றார் விஸ்டின். "அப்புறம்?"

"நான் ஜெயிச்சுப் பார்லிமெண்டுக்கு உள்ளே போயிட்டா, சுவருக்கு இரும்புத் தாங்கல் கொடுக்காம ஒரு கல்லைக்கூட எடுக்க விடமாட்டேன். என் பொறுப்பு."

"உள்ளே போகலைன்னா?"

"அதுக்குத்தானே உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்." ஷெர்ரி நாற்காலியில் உட்கார்ந்து, செட்டா வைத்த தக்காளி ரொட்டியைக் கடித்தார். "எதிர்க்கட்சிக்காரனைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. என் தலைவலி அப்தில்லாதான்."

அப்தில்லா அதே கட்சி, அதே தொகுதி. அந்த நாட்டில் தேர்தல் அப்படி. ஒரு தொகுதிக்கு ஐந்து இடம், ஓட்டுச் சீட்டில் ஒரே கட்சியில் ஒரு கூட்டமே நிற்கும். பிடித்தவனுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்று என்று ஓட்டுப் போடுகிறவர்கள் எண் போட்டுக்கொண்டு போகவேண்டும். யாருக்கு 'ஒன்று' கிடைக்கிறது என்பதில்தான் ஒரே கொடிக்குக் கீழே நிற்பவர்கள் ஒருவன் குரல்வளையை ஒருவன் கடிப்பார்கள்.

"அவன் பேரு அகரத்துல ஆரம்பிக்குது, சீட்டுல தலையில உக்காந்திருக்கான்," என்றார் ஷெர்ரி. "நான் வாலுல தொங்குறேன். பாதிப்பேரு யோசிக்கிறதே இல்ல, மேலேருந்து ஒண்ணு ரெண்டுன்னு போட்டுக்கிட்டே வந்துடறான்."

"படிப்பு சொல்லிக்கொடுத்ததே தப்பு," என்றான் ஸ்பிரு.

ஷெர்ரி சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குரலை இறக்கினார். "உங்க குடும்பத்துல எல்லாரும் எனக்கு ஒண்ணு போடணும், விஸ்டின். போடுவீங்க, நம்புறேன். ஆனா நம்பிக்கைதான், பாருங்க. நீங்க மறைப்புக்குள்ள போய் என்ன எழுதறீங்கன்னு எனக்குத் தெரியாது." சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினார். "செட்டா போடறது மட்டும் எனக்குத் தெரிஞ்சிடும்."

எழுதத் தெரியாதவர்களுக்குச் சாவடியில் அதுதான் வழி. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் இரண்டு கட்சி ஆட்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதிகாரி எழுதுவார். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். ஸ்பிரு வாயில் சட்டம் எப்போதும் தங்கியதில்லை.

"செட்டா என் பேரைச் சொன்னா, புஹாஜார் வீடு மொத்தமும் என் பக்கம்னு எடுத்துக்குவேன்," என்று எழுந்தார் ஷெர்ரி. "சுவர் நிக்கும்."

மறுநாள் காலை விஸ்டின் ஸ்டேஷனுக்குப் போய் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். போலீஸ்காரன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெட்ட வார்த்தைதான் கிடைத்திருக்கும்.

சாப்பிடும்போது செட்டாவிடம் சொன்னார். "ஷெர்ரி ஒண்ணு. மீதிப்பேரு கட்சி கொடுத்த வரிசைப்படி. சத்தமா, தெளிவா சொல்லு. ஸ்பிருவுக்குக் காது மந்தம்."

செட்டா முயல் குழம்பிலிருந்து ஒரு எலும்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நான் சொல்லமாட்டேன்."

"என்னது?"

"இந்தத் தடவை நானே போடப்போறேன்."

விஸ்டின் சிரித்துவிட்டார். "எதை வச்சு? உனக்குத்தான் எழுத்தே தெரியாதே."

"எழுத்து வேண்டாம், எண்ணு போதும். தொம்பலா ஆட்டத்துல எண் கூப்பிடக் கூப்பிட அடிச்சு அடிச்சே தொண்ணூறு வரைக்கும் எனக்குத் தலைகீழாத் தெரியும். ஞாயித்துக்கிழமை சர்ச் ஹாலுக்கு வந்து பாரு, ஆறு சீட்டு ஒண்ணா வச்சு ஆடறேன்." எழுந்துபோய் அலமாரி இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு நோட்டீசை எடுத்துவந்து மேசையில் பரப்பினாள். வாசல் கதவுக்கு அடியில் வேட்பாளர்கள் நாள் தவறாமல் தள்ளிவிட்டுப் போகும் நோட்டீசு. எல்லாவற்றிலும் மூஞ்சி, மூஞ்சிக்குக் கீழே பேர். "இது அப்தில்லா. முதல் எழுத்து ஏணி மாதிரி. இது கண்ணாடி போட்ட பொம்பளை, அவ எழுத்துக்கு ரெண்டு வயிறு. இது உங்க ஷெர்ரி. என் கையெழுத்துலதான் அவன் பேரே ஆரம்பிக்குது, சிலுவைக் குறி. இவனைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் வேணுமா?" மால்டா மொழியில் 'ஷ' ஒலிக்கு X எழுத்துதான்.

விஸ்டின் நோட்டீசுகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இவள் எப்போது இதையெல்லாம் செய்தாள்? அவர் மதியம் தூங்கும்போதா?

"சரி, கெட்டிக்காரி. அடுத்த தேர்தல்ல போடு. இந்தத் தடவை வாயால சொல்லு. சுவரைப் பாத்தியா நீ?"

"நானும் அந்தச் சுவத்துக்குக் கீழதான் படுக்கறேன்."

"அப்புறம் என்ன?"

"உனக்கு ஞாபகம் இருக்கா, கல்யாணம் ஆகி முதல் தேர்தல்? நீ சொல்லிக்கொடுத்த பேரையெல்லாம் தெரு முழுக்க முணுமுணுத்துக்கிட்டே போனேன், மறந்துடக்கூடாதுன்னு. உள்ள போனா, எதிர்க்கட்சிப் பக்கம் யாரு உக்காந்திருந்தா தெரியுமா? மளிகைக்கடை நீனு. நான் ஒவ்வொரு பேரையும் சொல்லச் சொல்ல அவன் மீசைக்குள்ள சிரிச்சான். மறுநாள் கடைக்குப் போனா அவன் பொண்டாட்டி எல்லார் முன்னாடியும் கேக்கறா, 'செட்டா, மூணாவது பேரு எப்படி மறந்துபோச்சு'ன்னு."

"இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். 'மூணாவது பேரை ஏன்டி மறந்தே'ன்னு நீயும் கேட்டே."

விஸ்டினுக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் தான் அப்படித்தான் கேட்டிருப்போம் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

"ஒவ்வொரு தேர்தலும் அப்படித்தான்," என்றாள் செட்டா. "ஓட்டு ரகசியம், ரகசியம்னு டிவியில சொல்றாங்க. நான் ஒரு தடவைகூட ரகசியமாப் போட்டதில்ல. எனக்குப் பாவமன்னிப்புக்குக்கூட ஒரு பாதிரிதான். ஓட்டுக்கு ரெண்டு கட்சியும் வேணுமாம்."

"சுவர் விழுந்தா எங்கடி போவோம்?" என்று கத்தினார் விஸ்டின்.

அவள் நோட்டீசுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஊரே அமைதியாக இருந்தது. தேர்தலுக்கு முதல்நாள் யாரும் ஓட்டுக் கேட்கக்கூடாது, யோசிக்கவேண்டும் என்பது சட்டம். விஸ்டின் யோசித்தார். ஷெர்ரியை அவர் நம்பவில்லை. கோட்டுப் போட்ட எவனையும் அவர் நம்பியதில்லை. ஆனால் நம்பாத ஆளிடம்தான் சுவர் மாட்டிக்கொண்டிருந்தது. செட்டா ஒரு பேரைச் சொன்னால் போதும். ஒரே ஒரு பேர். அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். அவள் இரண்டு முறையும் வேறு அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை இருவரும் பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு நடந்தே போனார்கள். போகும் வழியில் அவள் எதையும் முணுமுணுக்கவில்லை. அது அவர் கண்ணில் பட்டது.

உள்ளே நுழைந்ததும் ஸ்பிரு எழுந்துவிட்டான். "எல்லாரும் கொஞ்சம் வெளியே நில்லுங்க. செட்டா வந்திருக்கா."

"செட்டா வந்தா எதுக்கு வெளியே போகணும்? நான் என்ன குளிக்கப்போறேனா?" என்றாள் செட்டா. வரிசையில் சிரிப்பு எழுந்தது. "உக்காரு, ஸ்பிரு. எனக்கு உதவி வேண்டாம்."

"தேர்தலுக்குத் தேர்தல் நாங்கதானே..."

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, சின்ன வயதுப் பெண், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "உதவி வேணும்னு அவங்கதான் கேக்கணும். நீங்க கேக்கக்கூடாது." சீட்டை மடித்துச் செட்டாவிடம் கொடுத்தாள்.

செட்டா மறைப்புக்குள் போனாள்.

நேரம் போனது. பலகைக்குக் கீழே அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. பென்சில் ஒருமுறை உரசும், நின்றுவிடும். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இருக்காது.

"உள்ள தொம்பலா ஆடறாளா?" என்றான் வரிசையில் ஒருவன்.

ஸ்பிரு விஸ்டினையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது செய்யுங்கள் என்று புருவத்தால் சொன்னான். இப்போதுகூட ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது, சீட்டு வீணாகிவிடும், உதவி செய்யுங்கள் என்றால் போதும்.

"செட்டா," என்றார்.

"பேசாதே, எண்ணு தப்பிடும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் வெளியே வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தை விஸ்டின் ரொம்ப வருஷமாகப் பார்த்ததில்லை.

அடுத்து அவர் போனார். அவர் யாருக்கு ஒன்று போட்டார் என்பது இங்கே யாருக்கும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை நஷ்ஷார் ஊரிலிருந்த பெரிய கூடத்தில் ஓட்டு எண்ணினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற கட்சி ஆட்கள், உள்ளே விரியும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே கணக்குப் போட்டு, மதியத்துக்குள் தடுப்பைச் சந்தோஷத்தில் கையால் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கட்சி ஜெயித்துவிட்டது. தெருவெல்லாம் கார் ஹார்ன். ஆனால் யார் உள்ளே யார் வெளியே என்பது முடிய மறுநாளும் ஆனது. அப்தில்லா ஜெயிக்கத் தேவையான ஓட்டை முதல் சுற்றிலேயே தாண்டிவிட்டார். ஷெர்ரி நொண்டி நொண்டி வந்து, அப்தில்லாவுக்குத் தேவைக்கு மேலே விழுந்த ஓட்டுகளில் இரண்டாவது எண் தனக்கு இருந்ததை எல்லாம் பொறுக்கிக்கொண்டு, கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தார்.

முடிவு வந்த மறுநாள் ஊர்வல லாரி விஸ்டின் இருக்கும் சான் ரோக்கு தெருவுக்குள் வந்தது. மேலே நின்று கத்திக்கத்தித் தொண்டை கட்டிப்போன ஷெர்ரி, விஸ்டின் வீட்டு முன்னால் இறங்கினார். ஸ்பிருவும் பின்னாலேயே வந்தான்.

"வாழ்த்துக்கள், டாக்டர்," என்றார் விஸ்டின்.

"நன்றி, நன்றி." ஷெர்ரி உட்காரவில்லை. "உள்ள ஏதோ நடந்துச்சுன்னு ஸ்பிரு சொன்னான். செட்டா தானாவே போட்டாங்களாமே. சந்தோஷம், சந்தோஷம். ஆனா நம்ம பேச்சு வேற மாதிரி இல்ல இருந்துச்சு?" சிரித்தார், கண்ணில் சிரிப்பு இல்லை. "யாருக்குப் போட்டாங்க?"

பதில் விஸ்டினின் நாக்கிலேயே இருந்தது. 'உங்களுக்குத்தான், டாக்டர், வேற யாருக்கு?' அவ்வளவுதான். பொய்யோ நிஜமோ, யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. சுவர் நிற்கும். அவர் செட்டாவைப் பார்த்தார். அவள் கதவுநிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீனுவின் கடையில் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியாது," என்றார் விஸ்டின். "நான் கேக்கல."

"உங்களுக்கா தெரியாது?"

"தெரியாது. கேக்கவும் மாட்டேன்."

ஷெர்ரி செட்டா பக்கம் திரும்பினார். "சும்மா சொல்லுங்க, செட்டா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"கோவிச்சுக்க மாட்டீங்கன்னா அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

ஸ்பிரு இருமினான். ஷெர்ரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டாட்டத்தில் எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பவனின் பார்வை அது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேட்பாளர்கள் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். எல்லாரும் விஸ்டினைப் பார்த்துத்தான் பேசுவார்கள். செட்டா கொண்டுவந்து வைக்கும் தேநீரைப் பார்ப்பார்கள். அவள் முகத்தை ஒருவன் இப்படி உற்றுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

லாரி போனபிறகு விஸ்டின் நாற்காலியில் சரிந்தார். "போச்சு. சுவர் போச்சு."

"நான் சத்தமா சொல்லியிருந்தாலும் போயிருக்கலாம்," என்றாள் செட்டா. "கையில வாங்கினதுக்கு அப்புறம் எவன் விலை கொடுப்பான்?"

இருவருமாகக் கட்டிலை இழுத்து, வாசல் பக்கத்து அறையில் போட்டார்கள். மாதா படத்தையும் கழற்றி எடுத்துவந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில், காலையில், பள்ளத்தில் மனிதக் குரல் கேட்டது. விஸ்டின் பனியனோடு ஓடினார். இயந்திரத்துக்கு முன்னால் படுத்துவிடுவது என்றே ஓடினார். இயந்திரம் ஓரமாகக் கிடந்தது. ஆட்கள் பொதுச்சுவரை ஒட்டி இரும்புத் தூண்களைச் சாய்த்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் சொன்னது?" என்றார் விஸ்டின்.

"டாக்டர்," என்றான் மேஸ்திரி. "முட்டுக் கொடுத்த பிறகுதான் தோண்டணுமாம்."

விஸ்டின் பள்ளத்தின் விளிம்பில் நின்று யோசித்தார். செட்டா தனக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்துச் செய்தானா? போடவில்லை, அடுத்த தடவையாவது போடட்டும் என்று செய்தானா? எப்படிப் பார்த்தாலும் அவனுக்குத் தெரியாது. தெரியாததால்தான் இந்த இரும்பு வந்திருக்கிறது. தெரிந்திருந்தால், ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், அன்றோடு கணக்கை மூடியிருப்பான். விஸ்டினின் ஓட்டைத்தான் அந்தக் கட்சிக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். அதற்காக ஒருவனும் ஒரு ஆணிகூட அடித்துக்கொடுத்ததில்லை.

நினைக்க நினைக்க அவருக்கு எரிச்சல் வந்தது. பள்ளத்துக்குள் இறங்கி, தூண்களை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப்பார்த்தார். வெல்டர் கை. கடைசித் தூண் அசைந்தது.

"இது ஆடுது. அடியில பாறையே இல்ல, வெறும் மண்ணு. பக்கத்துல இன்னொண்ணு வை."

"டாக்டர் சொன்னது இவ்வளவுதான்," என்றான் மேஸ்திரி. "மேல வேணும்னா அவர்கிட்டதான் கேக்கணும்."

மேலே வாசலில் செட்டா வந்து நின்றிருந்தாள். "அப்போ கேளு," என்றாள். "செட்டா கேக்கறான்னு சொல்லு."

மேஸ்திரி அவளைப் பார்த்தான், விஸ்டினைப் பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். விஸ்டின் தூணிலிருந்து கையை எடுக்காமல், அவன் வரும்வரை அங்கேயே நின்றார்.